கதவில் ஒரு கப்பல் கண்ணாடி

ஆனி பிறந்தால் ஜெயசிங்கின் வீட்டில் பகலிலும் இருட்டுதான். குளச்சலிலிருந்து நெய்யூருக்குப் போகும் பாதையில், ஒரு மேட்டின்மேல், மேற்குப் பார்த்துக் கட்டிய வீடு. கடற்காற்று வேறெங்கும் நிற்காமல் நேராக வாசலில் வந்து மோதும். மழை ஓயும்வரை முன்கதவை அடைத்துத் தாழ் போட்டுத்தான் வைக்க வேண்டும். முன்னறைக்குச் சன்னல் கிடையாது. சுவர்கள் மண்சுவர்கள், ஓட்டுக்கூரையின் கனம் முழுவதையும் அவைதான் தாங்கின. அவற்றில் ஓட்டை போட்டால் அடுத்த மழைக்கு வீடே உட்கார்ந்துவிடும்.

எல்லா வருடமும் இருந்த இருட்டுதான். ஆனால் 1932ஆம் வருடம் அது ஜெயசிங்கின் மனைவி ஞானபாயைப் பாடாய்ப் படுத்தியது.

ஞானபாய் ரேந்தை, அதாவது லேஸ், பின்னுகிறவள். வைக்கோல் திணித்த உருண்டைத் திண்டின்மேல் வரிசையாக ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை விரலால் தட்டித் தட்டி இடம் மாற்றுவாள். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மழைத்தூறல் மாதிரி கேட்டுக்கொண்டே இருக்க, ஊசிகளுக்கு நடுவே வெள்ளை நூலில் ஒரு பூ மெல்ல விரியும். பின்னி முடித்ததை நெய்யூரிலுள்ள ரேந்தைக் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பாள். அங்கிருந்து அது கப்பலேறிச் சீமைக்குப் போகும்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரோசாப்பூ, திராட்சை இலை என்று சீமையிலிருந்து வந்த மாதிரிகளைத்தான் பின்னியிருந்தாள். ரோசாப்பூவை அவள் கையில் வாங்கிப் பார்த்ததுகூட இல்லை. அவள் கண்ணில் தினமும் படுவது ஓடைக்கரைத் தாழைதான். வைகாசியில் ஒருநாள், தானே தாளில் வரைந்த தாழம்பூவைக் கொண்டுபோய், ரேந்தைக் கூடத்தின் மேற்பார்வைக்காரியான சத்தியபாயின் மேசைமேல் வைத்தாள்.

சத்தியபாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இத நூல்ல கொண்டுவர முடியுமா?"

"முடியும் அம்மா."

"முள்ளையுமா?"

"முள்ளு இல்லாம தாழை ஏது?"

சத்தியபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மதராஸ் பொருட்காட்சிக்கு ஒரு மேசைவிரிப்பு அனுப்பணும். பின்னிக் கொண்டு வா. ஆடி முடியதுக்குள்ள என் கைல இருக்கணும், கேட்டியா? இல்லேன்னா இந்த வருசமும் ரோசாப்பூதான் போவும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் ஞானபாய்க்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் பாதி பின்னுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கதவை அடைத்தால் ஊசி தெரியவில்லை. ஒரு சாண் திறந்தால் காற்று நுழைந்து கட்டைகளை எல்லாம் வாரிப் புரட்டி, நூலைச் சிக்கலாக்கிவிட்டுப் போனது. மண்ணெண்ணெய் விளக்கை வைத்தாள். வெள்ளை நூலில் கரி படிந்தது. அடுக்களைக்குப் போனாள்; அங்கே புகை. ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது. வெளிச்சம்தான் இல்லை.

ஜெயசிங் கயிற்று வியாபாரி. குளச்சல் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்களுக்குக் கயிறு கொண்டுபோய்க் கொடுப்பான். மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில் ஞானபாயும் அவனோடு போனாள். கிளீட்டஸ் என்ற வள்ளக்காரனின் மகளுக்கு முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை வருகிறது. அந்தப் பிள்ளையின் தலைமுக்காட்டுக்கு ரேந்தை வேண்டும் என்று கிளீட்டஸின் மனைவி வேளாங்கண்ணி சொல்லியனுப்பியிருந்தாள்.

அளவெடுத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் ஞானபாய் அதைப் பார்த்தாள். முற்றத்தில் ஒரு கூடையில் நெத்திலிக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. கூடையின்மேல் மூடியாக ஒரு கண்ணாடி. முறமளவு வட்டம், விரல் தடிமன். அதைச் சுற்றி ஒரு பித்தளை வளையம். கூடையைச் சுற்றிவந்த காகம் ஒன்று கண்ணாடியைக் கொத்திக் கொத்திப் பார்த்து ஏமாந்துகொண்டிருந்தது. காற்று மணலை வாரி அடித்தது. உள்ளே ஒரு நெத்திலிகூட அசையவில்லை. வெயில் மட்டும் தாராளமாக உள்ளே இறங்கியிருந்தது.

ஞானபாய் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இது என்னது?"

"அதுவா? கப்பல் சன்னலு," என்றான் கிளீட்டஸ். "கரை தட்டுன பழைய கப்பல ஒடச்சாங்கல்லா, அப்பம் நான் கழட்டினது. கூலிக்குப் பதிலா இது போதும்னு தூக்கிட்டு வந்துட்டேன். உள்பக்கத்து வளையமும் போல்ட்டும் வீட்டுக்குள்ள கெடக்கு."

"இத ஒரு கதவுல மாட்ட முடியுமா?"

"இரும்புலயே மாட்டியிருந்தான். பலகைல மாட்டதுக்கு என்ன?"

அவள் ஜெயசிங்கைத் திரும்பிப் பார்த்தாள். கயிற்றுச் சுருளைத் தோளில் வைத்தபடியே அவன் விழித்தான்.

"இஞ்ச பாருங்க, வெளிச்சம் உள்ள போவுது. காத்து போவல்ல. பாத்தியளா? பாத்தியளா?" அவள் குரல் கீச்சென்று உயர்ந்தது. அக்கம்பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தலையை நிமிர்த்தினார்கள்.

விலை பேச வேண்டியிருக்கவில்லை. முக்காட்டு ரேந்தைக்குப் பதில் கண்ணாடி என்று வேளாங்கண்ணியே முடித்துவைத்தாள். கருவாட்டை மூட வேறு வழி பார்த்துக்கொள்வாளாம். கழற்றியவனே வந்து மாட்டியும் தருவான் என்று கணவனுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்தாள்.

வீட்டில்தான் தடங்கல். ஜெயசிங்கின் அக்கா ராஜபாய், புருஷன் போனபிறகு தம்பி வீட்டிலேயே இருந்தாள். அந்த முன்கதவு அவர்களுடைய அப்பா சொந்தத் தோட்டத்து அயனி மரத்தை வெட்டிச் செய்தது. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். பெருங்காற்றில் ஊர்க்கூரைகள் பறந்த வருடம் இந்த வீட்டை அந்தக் கதவுதான் காப்பாற்றியது என்று ராஜபாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

"ஏட்டி ஞானம், ஒனக்குக் கிறுக்கா?" என்றாள். "கதவுன்னா அடைக்கதுக்கு. அதுல ஓட்டையப் போட்டா அப்பறம் அது எதுக்கு?"

"ஓட்ட இல்ல மைனி, கண்ணாடி."

"ரோட்டுல போறவன் வாறவன்லாம் எட்டிப் பாக்கதுக்கா? எங்க அப்பன் கதவுல கை வைக்கப்பிடாது. அவ்வளவுதான்."

ஊர்த் தச்சனான தாணுமாலயன் ஆசாரியும் மாட்டேன் என்றுவிட்டார். "சன்னல் கேட்டா சன்னல் செய்வேன், கதவு கேட்டா கதவு செய்வேன். ரெண்டையும் ஒண்ணாக்கச் சொன்னா எங்க அப்பன் கனவுல வந்து அடிப்பாரு."

கண்ணாடி முன்னறை மூலையில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. ஞானபாய் இருட்டில் திண்டைத் தடவித் தடவிப் பின்னினாள். ஒரு பூவைப் பின்னினாள், தப்பாக வந்ததென்று பிரித்தாள், மறுபடி பின்னினாள். மறுபடி பிரித்தபோது ஜெயசிங் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரம் நெய்யூரில் பெண்கள் கூடுகை. ராஜபாய் குடையும் வேதப்புத்தகமுமாக மாட்டுவண்டியில் கிளம்பிப் போனாள். அங்கேயே தங்கி, கூடுகை முடிந்துதான் வருவாள். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் ஜெயசிங் சாக்கை அவிழ்த்துக் கண்ணாடியை எடுத்து வேட்டியால் துடைத்தான்.

"நாளைக்குக் கிளீட்டச வரச் சொல்லுதேன்," என்றான்.

"மைனி?"

"அக்காகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

அதுவரை அக்காவிடம் அவன் எதையும் பேசி ஜெயித்ததில்லை. ஞானபாய்க்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. நிலையிலிருந்து கதவைத் தூக்கிக் கழற்றி, முற்றத்தில் இரண்டு முக்காலிகளின்மேல் படுக்கப் போட்டார்கள். கதவு போன இடத்தில் வீடு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வளையத்தைப் பலகைமேல் வைத்து, ஞானபாயே கரித்துண்டால் சுற்றிக் கோடு போட்டாள். ஊரில் பாதி வேலியோரம் வந்துவிட்டது. தாணுமாலயன் ஆசாரியும் வெற்றிலையை மென்றுகொண்டு, கையைக் கட்டியபடி வந்து நின்றார். வேடிக்கை பார்க்க மட்டும்தான் வந்ததாகக் கேட்காமலேயே எல்லோரிடமும் சொன்னார்.

கிளீட்டஸ் வள்ளத்துப் பலகை செதுக்கும் வாச்சியை ஓங்கினான்.

"நிறுத்தும் வேய்!" என்று கத்தினார் ஆசாரி. "அது வள்ளமில்ல, கதவு!"

"அப்ப நீரு வந்து செய்யும்."

"நான் செய்ய மாட்டேன்னு சொல்லியாச்சு."

"அப்ப வாய மூடிட்டு நில்லும்."

வாச்சி விழுந்தது. சில்லு தெறித்தது. ஆசாரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். இன்னொரு வெட்டு விழுந்ததும் அவரால் முடியவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வேலியைத் தாண்டி ஓடிவந்து கிளீட்டஸின் கையைப் பிடித்தார். "சவத்தக் கீழ போடும். வட்டத்துக்குள்ள சுத்தித் தொளை போடணும், பொறவு வாளால அறுக்கணும். எங்க அப்பன் அடிச்சா அடிச்சிட்டுப் போறாரு." வேலியோரம் சிரிப்பு வெடித்தது. அவர் தம் கருவிப்பையை எடுத்துவரச் சொல்லி ஆளனுப்பினார்.

துளை போடும் துறப்பணத்தைக் கோட்டின்மேல் ஊன்றிச் சுழற்றினார். அயனிப் பலகை இரும்பு மாதிரி எதிர்த்தது. மஞ்சள் தூள் சுருள் சுருளாக வந்தது. வட்டத்தின் மேல்பக்கத்துக்கு வந்தபோது துறப்பணம் திடீரென்று பொதுக்கென உள்ளே இறங்கியது. ஆசாரி தடுமாறி முன்னால் விழப்போனார். துளையிலிருந்து தவிட்டு நிறத்தில் பொடி கொட்டியது.

யாரும் சிரிக்கவில்லை.

"என்ன ஆசாரி?" என்றான் ஜெயசிங்.

ஆசாரி பொடியை விரலில் எடுத்து முகர்ந்தார். "சிதல்," என்றார். கறையான். பலகையின் நடுவை அது எப்போதோ தின்று முடித்திருந்தது. வட்டத்தை அறுத்து எடுத்தபோது சடக்கென்று ஒரு விரிசல் ஓட்டையிலிருந்து கிளம்பிக் கதவின் உச்சிவரை ஓடியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. ராஜபாய் இறங்கினாள். சேலையெல்லாம் ஈரம்.

"காத்துல பந்தலு பறந்து போச்சு. இந்த மழைக்காலத்துல பந்தலு போட்டவனச் சொல்லணும்," என்றபடியே வந்தவள் கூட்டத்தைப் பார்த்தாள். முக்காலிமேல் நீளமாக ஏதோ கிடப்பதும் சுற்றி ஆட்கள் தலைகுனிந்து நிற்பதும் தெரிந்தது. "ஐயோ, யாரு போனா?"

கூட்டம் விலகியது. அவள் கதவைப் பார்த்தாள்.

"நான்தான் செய்யச் சொன்னேன் அக்கா," என்று ஜெயசிங் முன்னால் வந்தான்.

"இல்ல மைனி, நான்தான்," என்றாள் ஞானபாய்.

ராஜபாய் இருவரையும் பார்க்கவில்லை. குனிந்து, அறுத்த இடத்தில் விரலை வைத்தாள். விரல் அடிவரை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது விரலெல்லாம் பொடி.

"இது எப்பம் இருந்து?" குரல் இறங்கிவிட்டிருந்தது.

"பல வருசமா இருக்கும்," என்றார் ஆசாரி. "மேல தோலு மட்டுந்தான் நின்னிருக்கு. வெட்டலேன்னா தெரிஞ்சிருக்காது. இன்னொரு பெருங்காத்து அடிச்சிருந்தா கதவு அப்படியே உள்ள வந்து விழுந்திருக்கும். கதவுக்குப் பின்னால யாரு உக்காந்திருப்பா?"

கதவுக்குப் பின்னால் எப்போதும் உட்காருகிறவள் ஞானபாய்தான். ராஜபாய் அவளை ஒரு நொடி ஏறிட்டுப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், என்ன சொல்ல வந்தாளோ, அதற்குள் கடல் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. தென்னைகள் ஒருசேரச் சாய்ந்தன. கறுத்த மழை மேட்டை நோக்கி ஏறி வந்தது.

"பாத்துட்டு நிக்கியளே!" என்று ராஜபாய்தான் முதலில் அலறினாள். "வாசல் தெறந்து கெடக்கு, ரேந்தை உள்ள இருக்கு!"

குடையை எறிந்துவிட்டு ஓடினாள். முன்னறையில் திண்டைச் சுவரோரம் இழுத்து, தோளில் கிடந்த மேல்முண்டின் நனையாத பக்கத்தால் மூடி, திறந்த வாசலுக்கு முதுகைக் காட்டி அதன்மேல் கவிந்துகொண்டாள். சாரல் முதுகில் சப்பென்று அடித்தது. அவள் அசையவில்லை. "எவ்வளவு நேரம்லே ஆக்குவீங்க? வெரசா மாட்டுங்க!" என்று உள்ளிருந்தே விரட்டினாள்.

முற்றத்தில் ஒரே பரபரப்பு. ஜெயசிங்கும் வேலியோரம் நின்றவர்களும் ஒரு பெரிய பனம்பாயைக் கதவுக்குமேல் விரித்துப் பிடித்தார்கள். காற்று பாயோடு அவர்களையும் சேர்த்து இழுத்தது. ஆசாரி உளுத்த இடத்தைச் சுரண்டி எடுத்து நல்ல மரத்துண்டு ஒன்றைச் செதுக்கி அடைத்தார். கிளீட்டஸ் வள்ளத்துக்குப் பூசும் குங்கிலியப் பசையை ஓட்டையின் விளிம்பெல்லாம் தேய்த்தான். சற்றுமுன் சண்டை போட்டவர்கள் இப்போது ஒருவர் கேட்குமுன் மற்றவர் கையில் கருவியைக் கொடுத்தார்கள். மேலே கண்ணாடி வளையம் உட்கார்ந்தது. கீழ் வளையத்தைப் பிடித்துத் திருகாணியை முடுக்க ஆள் வேண்டும். கிளீட்டஸ் சொல்லி முடிக்குமுன் ஞானபாய் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கதவுக்கு அடியில் மல்லாந்து நுழைந்துவிட்டாள்.

முதுகுக்குக் கீழே சேறு. முகத்துக்கு நேர்மேலே கண்ணாடி. பாய் ஒருபக்கம் விலகியதும் மழை நேராக அவள் முகத்தை நோக்கி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் நனையவில்லை. திறந்தாள். துளிகள் கண்ணுக்கு ஒரு சாண் மேலே விழுந்து, உடைந்து, வழிந்து போயின. அதற்கு அப்பால் கிளீட்டஸின் தாடி, ஆசாரியின் சிவந்த வாய், அதற்கும் மேலே கறுத்த வானம். எல்லாம் வெளிச்சத்தில் மிதந்தன. கதவுக்கு அடியிலிருந்து அவள் கலகலவென்று சிரிப்பது மேலே கேட்டது.

"என்ன பிள்ள, அடி கிடி பட்டுதா?"

"இல்ல அண்ணாச்சி! முடுக்குங்க! நல்லா முடுக்குங்க!"

ஒவ்வொரு போல்ட்டாக இறுகியது. இரண்டு பித்தளை வளையங்களும் பலகையை நடுவில் வைத்துக் கவ்வின. மரம் கிறீச்சிட்டது. உச்சிவரை ஓடிய விரிசல் கண்முன்னாலேயே சுருங்கி, கடைசி முடுக்கில் மயிரிழையாகிவிட்டது. ஆசாரி அதன்மேல் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நூறு காத்து வரட்டும்!" என்று கடலைப் பார்த்துக் கத்தினார்.

கதவைத் தூக்கினார்கள். கண்ணாடியும் பித்தளையும் சேர்ந்து முன்னைவிடக் கனம். நாலு பேர் வேண்டியிருந்தது. நிலையில் பொருத்தி, உள்ளே வந்து, ஜெயசிங் கதவைச் சாத்தினான். தாழ் விழுந்தது. காற்று அறுந்தாற்போல் நின்றது.

இருட்டவில்லை.

மோர் நிறத்தில் ஒரு வெளிச்சம் வட்டமாக அறைக்குள் வந்து தரையில் விழுந்து கிடந்தது. ராஜபாய் மெதுவாக நிமிர்ந்தாள். முதுகிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேல்முண்டை விலக்கினாள். திண்டின்மேல் பாதித் தாழம்பூ காய்ந்து வெள்ளையாக, ஒவ்வொரு ஊசியும் தனித்தனியாகத் தெரிய இருந்தது. ஞானபாய் அறுந்த நூல் ஏதும் உண்டா என்று குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவள் மைனியின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேனென்று நின்றாள்.

"போடி, ஒரே சேறு," என்றாள் ராஜபாய். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மழை விடும்வரை கிளீட்டஸும் ஆசாரியும் ஊர்க்காரர்களும் அந்த அறையிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்துபோய் வெளியே எட்டிப் பார்த்தார்கள். தினமும் பார்க்கிற தென்னையும் பாதையும்தான். ஆனாலும் கண்ணாடி வழியாகப் பார்த்தவர் ஒவ்வொருவரும் பின்னால் நிற்பவரிடம் "அந்தா, அந்தா!" என்று காட்டினார்.

ஒரு சிரமம் மட்டும் வந்தது. வெளிச்சம் நன்றாக விழ வேண்டுமென்றால் ஞானபாய் கதவை ஒட்டித்தான் உட்கார வேண்டும். யாராவது வந்தால் திண்டை நகர்த்தி, முக்காலியை நகர்த்தி, பிறகுதான் திறக்க முடியும். ராஜபாய் அதற்கு ஒரு வழி செய்தாள். கதவருகே தானும் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, பாதையைக் கண்காணித்தாள். கண்ணாடியில் தலை தெரிந்தால் போதும், "பின்வாசல் வழியா வா! ரேந்தை நடக்கு!" என்று அதட்டுவாள். சபையின் உபதேசியாரையே அப்படித்தான் பின்வாசலுக்கு அனுப்பினாள்.

கட்டைகள் காலையிலிருந்து அந்திவரை தட்டிக்கொண்டே இருந்தன. வெளியே ஆடிக்காற்று ஊளையிட, உள்ளே ஞானபாயின் விரல்கள் முன்பு எப்போதும் இல்லாத வேகத்தில் ஓடின. மடல் மடலாகத் தாழை விரிந்தது. ஓரம் முழுக்க முள் வைத்தாள். கடைசி ஊசியைப் பிடுங்கி, விரிப்பைத் தூக்கிக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தபோது, வெளிச்சம் நூல்களுக்குள் புகுந்து சுவரெல்லாம் பூவாக விழுந்தது. ஜெயசிங் கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான். ராஜபாய், "முள்ளக் கண்டா கை வைக்கப் பயமா இருக்கு," என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

ஆடி முடியுமுன் விரிப்பு நெய்யூருக்குப் போனது. அங்கிருந்து மதராசுக்குப் போனது. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. ஞானபாய் மறுபடி ரோசாப்பூ பின்னத் தொடங்கினாள்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. மழைத்துளிகளுக்கு நடுவே மூக்கும் கண்ணும் கலங்கி, யாரென்று தெரியவில்லை.

"பின்வாசல் வழியா வா!" என்றாள் ராஜபாய்.

முகம் போகவில்லை. கண்ணாடியில் விரலால் தட்டியது. பிறகு சேலைத் தலைப்பை எடுத்து வெளிப்பக்கத்தைத் துடைத்தது. ஞானபாய் நிமிர்ந்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட முகம். சத்தியபாய். குடை காற்றில் மடங்கிப் போயிருந்தது. ஆனால் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் எதையோ சொல்லியது. காற்றில் கேட்கவில்லை.

"என்ன சொல்லுதாவ?" ராஜபாய் கண்ணாடியோடு கண்ணை ஒட்டினாள்.

சத்தியபாய் வெளியிலிருந்து கையைக் குவித்துக் கத்தினாள். "தாழம்பூவுக்குத்தான்டி மொதல் பரிசு! இனி எல்லாருக்கும் அந்த மாதிரிதான் வேணுமாம்! கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் நீதான் வந்து சொல்லிக் குடுக்கணும்!"

ஞானபாய் எழுந்த வேகத்தில் முக்காலி ஒருபக்கம் உருண்டது. ரோசாப்பூத் திண்டு இன்னொரு பக்கம் உருண்டது. கட்டைகள் அறையெங்கும் சிதறி ஓடின. அவளும் ராஜபாயும் ஒரே சமயத்தில் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தார்கள். காற்றும் மழையும் சத்தியபாயும் ஒன்றாக உள்ளே வந்தார்கள்.